ஆட்டத்தை வெல்வது வியூகமே!

(‘ஆட்டத்தில் வெற்றி தேடித் தருவது வீரனின் திறமையா? அணியின் வியூகமா?’ என்ற தொலைக்காட்சிப் பட்டிமன்றத்தில் ‘வியூகமே’ என்ற அணியில் பேசியது)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எதிரணியிலே உட்கார்ந்துகொண்டு, மெஸ்ஸியையும் மாரடோனாவையும் சொந்தச் சித்தப்பா பெரியப்பா மாதிரி உரிமை கொண்டாடிப் பேசிய நண்பர்களே! (சிரிப்பு) என் அணித் தலைவர் அவர்களே! திரளாக வந்திருக்கிற தாய்மார்களே, பெரியோர்களே, வீட்டிலே பலகாரத் தட்டோடு டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கிற அன்பு நெஞ்சங்களே!

தமிழ் வாத்தியாருக்கும் பந்துக்கும் என்னய்யா சம்பந்தம் என்று நீங்கள் நினைக்கலாம். கிளம்பும்போது என் வீட்டுக்காரம்மாவே கேட்டாங்க. “உங்களுக்குத் தெரிஞ்ச பந்து, சொந்தபந்தம் ஒண்ணுதானே. அதுலயும் நீங்க யாரோடயும் ஒழுங்கா ஆடினதில்லையே”ன்னாங்க. (பலத்த சிரிப்பு)

ஆனா எனக்கு ஒரு தகுதி உண்டு ஐயா. நான் சில வருஷம் மாணவர் விடுதிக்கு வார்டனாக இருந்தவன். 2022 டிசம்பர் 18, ராத்திரி. கத்தாரிலே உலகக் கோப்பைக் கால்பந்து இறுதி ஆட்டம். அர்ஜென்டினாவும் பிரான்சும். விடுதி டி.வி. அறையிலே பாதிப் பையன் மெஸ்ஸி கட்சி, பாதிப் பையன் எம்பாப்பே கட்சி. நடுவிலே நான். சண்டை வந்தா விலக்கணுமே! (சிரிப்பு) ஆட்டம் முடிஞ்சுது. 3-க்கு 3. பெனால்டியிலே 4-க்கு 2 என்று அர்ஜென்டினா ஜெயிச்சுது. ஒரு கூட்டம் குதிச்சுக்கிட்டே வெளியே ஓடுது. ஒரே ஒரு பையன் மட்டும் பிரான்ஸ் சட்டையைப் போட்டுக்கிட்டுத் தரையிலே உட்கார்ந்திருக்கான். கண்ணிலே தண்ணி. “என்னப்பா?”ன்னு கேட்டேன். அவன் கேட்டான் பாருங்க ஒரு கேள்வி.

“சார், மூணு கோல் அடிச்சவன் எப்படி சார் தோப்பான்?”

என்னாலே பதில் சொல்ல முடியலை. அந்த மூணையும் அடிச்சவர் எம்பாப்பே. 1966-க்குப் பிறகு ஆண்கள் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்திலே ஒருத்தர் மூணு கோல் அடிச்சது அதுதான். பெனால்டியிலும் தன் பங்கைத் தவறாமல் அடிச்சார். ஒரு மனுஷன் இதுக்கு மேலே என்ன செய்ய முடியும்? அவருக்குத் திறமை போதலைன்னு சொல்ல முடியுமா? சொன்னா நாக்கு அழுகிப் போகும். அப்புறம் எப்படித் தோத்தார்? நடுவர் அவர்களே, அன்றைக்கு அந்தப் பையனுக்குச் சொல்லாத பதிலைத்தான் இன்றைக்கு இந்த மேடையிலே சொல்ல வந்திருக்கிறேன்.

ரசிகனைப் பாருங்க. அவனுக்கு ஒரு ஆள் வேணும். கும்பிட ஒரு ஆள், திட்ட ஒரு ஆள். அதே 2022-லே, கோழிக்கோடு பக்கம் புள்ளாவூர்னு ஒரு ஊர். அங்கே ஆத்துக்குள்ளே மெஸ்ஸிக்கு 30 அடியிலே கட்-அவுட் வெச்சாங்க. விடுவாங்களா நெய்மார் ரசிகர்கள்? 40 அடியிலே அவருக்கு ஒண்ணு. அப்புறம் ரொனால்டோ ஆட்கள் வந்து அதுக்கும் மேலே ஒண்ணு. ஆத்துலே தண்ணி ஓடுச்சோ இல்லையோ, கட்-அவுட் ஓடுச்சு! (சிரிப்பு) அந்தப் படத்தை உலகமே பார்த்தது. நானும் பார்த்தேன். அர்ஜென்டினாவின் பயிற்சியாளர் ஸ்கலோனிக்கு அரை அடியிலே ஒரு அட்டையாவது இருக்கான்னு தேடினேன். இல்லை ஐயா!

கல்யாண வீட்டிலே சாம்பார் நல்லா இருந்தா சமையல்காரருக்குப் பேரு. அந்தச் சாம்பார் கடைசிப் பந்தியிலே கடைசி இலை வரைக்கும் வந்து சேர்ந்ததே, அதுக்கு ஒருத்தர் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டுப் பந்தி விசாரிச்சுக்கிட்டு நின்னாரே, அவரை யாராவது கேட்கிறோமா? (கைதட்டல்)

எதிரணியிலே முதலில் பேசிய சகோதரி ஒரு கேள்வியைத் தூக்கிப் போட்டார். “ஹாக்கி லீகிலே வீரர்களைத்தான் ஏலம் எடுக்கிறார்கள். வியூகத்தை யாராவது ஏலம் எடுத்ததுண்டா? மதிப்பு ஆளுக்குத்தானே?” நல்ல கேள்வி. நீங்களும் கை தட்டினீங்க. நானும் மேஜைக்குக் கீழே தட்டினேன். (சிரிப்பு) 2024 அக்டோபரில் நடந்த ஏலத்திலே அதிக விலைக்குப் போனவர் ஹர்மன்பிரீத் சிங். 78 லட்சம் ரூபாய். அதே வருஷம் பாரிஸ் ஒலிம்பிக்கிலே 10 கோல் அடிச்ச இந்தியத் தலைவர். அவர் முன்னாலே நின்று ஆடுகிறவர் இல்லை. தற்காப்பு ஆட்டக்காரர், பின்னாலே நிற்கிறவர். பின்னாலே நிற்கிறவருக்கு எப்படிப் பத்துக் கோல்? அங்கேதான் விஷயம்.

பெனால்டி கார்னர்னு ஒண்ணு உண்டு. ஹாக்கி பார்க்காத தாய்மார்களுக்காகச் சொல்றேன். கோல் கோட்டின் மேலே, கம்பத்திலிருந்து 10 மீட்டர் தள்ளி ஒருத்தர் நின்னு, பந்தைத் தள்ளி விடுவார். அது வட்டத்துக்கு வெளியே வரணும். அங்கே ஒருத்தர் மட்டையைத் தரையோடு சாய்த்து வெச்சுப் பந்தைச் சாவு நிறுத்தமா நிறுத்தணும். மூணாவது ஆள் வந்து, அந்தப் பந்தை மட்டையாலே இழுத்துச் சுண்டி எறிவார். அவர்தான் ஹர்மன்பிரீத். எல்லாம் கண்ணை மூடித் திறக்கிற நேரத்துக்குள்ளே. தள்ளுகிறவர் ஒரு சாண் விலக்கித் தள்ளினா, நிறுத்துகிறவர் கையிலே பந்து கொஞ்சம் துள்ளினா, 78 லட்சமும் காற்றிலேதான் மட்டையை வீசணும்!

இங்கே இருக்கிறவர்களிலே எத்தனை பேருக்கு அந்தப் பந்தைத் தள்ளிவிட்டவர் பேர் தெரியும்? நிறுத்தினவர் பேர் தெரியும்? கை தூக்குங்க பார்ப்போம். (சிரிப்பு) நடுவரே தூக்கலை! ஸ்கோர் அட்டையிலே அவங்க பேர் வராது ஐயா. சகோதரி கேட்டாரே, வியூகத்தை யாராவது ஏலம் எடுப்பார்களா என்று. அம்மா, 78 லட்சம் கொடுத்து அவங்க எடுத்ததிலே பாதி வியூகத்தோட விலைதான். (பலத்த கைதட்டல்)

இன்னொரு பக்கம் வாங்க. அதே பெனால்டி கார்னரை எதிரி அடிக்கும்போது நம்ம ஆட்கள் கோல் கோட்டுக்குப் பின்னாலே நிற்பாங்க. கோல்கீப்பரோடு சேர்த்து ஐந்து பேர். அதிலே முதலிலே ஓடி வர்றவர்னு ஒருத்தர் உண்டு. முகத்துக்குக் கவசம், முழங்காலுக்குக் கவசம் எல்லாம் மாட்டிக்கிட்டு, பந்து அடிக்கிறவனை நோக்கி நேரே ஓடணும். பந்து எங்கே வரும்? இவர் மேலேதான் வரும்! அதுதான் அவர் வேலை. நம்ம அணிக்கு அமித் ரோஹிதாஸ். பாரிசில் காலிறுதி, எதிரே பிரிட்டன். 17-ஆவது நிமிஷம் அவருக்குச் சிவப்பு அட்டை. வெளியே போயாச்சு. பதில் ஆள் இறக்க முடியாது. மீதி 43 நிமிஷம் பத்துப் பேர், பதினோரு பேரை எதிர்த்து ஆடினாங்க. 1-க்கு 1 என்று நிறுத்தி, ஷூட்-அவுட்டிலே 4-க்கு 2 என்று ஜெயிச்சாங்க.

ஒரு ஆள் குறைஞ்சும் ஜெயிச்சது எதனாலே? இருந்த பத்துப் பேரும் இடத்தை மாத்திக்கிட்டாங்க. முன்னாலே ஓடினவன் பின்னாலே வந்தான். கோல் அடிக்கிறவன் கோல் தடுத்தான். ஒரே ராத்திரியிலே யாருக்கும் திறமை கூடிடலை. நின்ற இடம் மாறிச்சு, அவ்வளவுதான்.

சரி. அடுத்த ஆட்டம் ஜெர்மனியோடு அரையிறுதி. ரோஹிதாஸுக்கு ஒரு ஆட்டம் தடை. ஜெர்மனியின் முதல் கோல் எதிலே வந்தது தெரியுமா? பெனால்டி கார்னரிலே! 3-க்கு 2 என்று தோத்தோம். அன்றைக்குத்தான் நம்ம ரசிகர்களுக்கு அந்த மனுஷனோட மதிப்பு தெரிஞ்சுது. அதுவரைக்கும் “அவர் எத்தனை கோல் அடிச்சிருக்கார்?”னு கேட்டுக்கிட்டிருந்தாங்க. எதிரணித் தலைவர் உடனே எழுந்து, “பார்த்தீர்களா, ஒரு ஆள் இல்லாமல் போனதால் தோற்றோம், அப்படியானால் ஆள்தானே முக்கியம்” என்பார். ஐயா, உட்காருங்க. (சிரிப்பு) கோல் கோட்டிலே அந்த இடம் ஒண்ணு இருக்கு, அங்கே ஓட ஒருத்தன் வேணும் என்று கண்டுபிடிச்சது வியூகம். அந்த இடத்திலே நிறுத்தினதனாலேதான் அந்த மனுஷனுக்கு மதிப்பு. வள்ளுவர் சும்மாவா ‘தெரிந்து வினையாடல்’ என்று ஓர் அதிகாரமே வைத்தார்? எந்த வேலைக்கு எந்த ஆள் என்று பார்த்துக் கொடுப்பதற்குப் பத்துக் குறள் ஐயா!

தயான்சந்தைச் சொன்னார்கள். யார் மறுக்க முடியும்? 1928, 1932, 1936 மூன்று ஒலிம்பிக்கிலும் தங்கம். மட்டையிலே காந்தம் இருக்கான்னு உடைச்சுப் பார்த்தாங்கன்னு கதையே உண்டு. 1936 பெர்லின் இறுதி ஆட்டத்திலே ஜெர்மனியை 8-க்கு 1 என்று அடிச்சாங்க என்று தம்பி முழங்கினார். சரி தம்பி, அதுக்கு ஒரு மாதம் முன்னாலே என்ன நடந்தது? அதை ஏன் சொல்லலை? அதே ஜெர்மனியோடு ஒரு பயிற்சி ஆட்டம். தயான்சந்த் ஆடுகிறார். இந்தியா 4-க்கு 1 என்று தோத்துப் போச்சு! (ஆரவாரம்) அந்தத் தோல்வி அவரைத் தூங்க விடலை. அவங்க உட்கார்ந்து யோசிச்சாங்க. ஓட்டை எங்கே இருக்கு? வலது பக்கம் உள்ளே ஆடுகிற ‘இன்சைடு ரைட்’ இடத்திலே. உடனே இந்தியாவுக்குத் தந்தி பறந்தது. தாரா என்ற வீரரை அனுப்புங்கள் என்று. விமானத்திலே வந்து, அரையிறுதிக்குச் சரியாகச் சேர்ந்தார். அப்புறம்தான் பிரான்ஸோடு 10-க்கு 0. இறுதியிலே 8-க்கு 1. நாம எட்டுக் கோலைச் சொல்றோம், தயான்சந்தைச் சொல்றோம். அந்தத் தந்தியைச் சொல்றதில்லை. தயான்சந்த் மேதைதான். தனக்குப் பக்கத்திலே யார் நிக்கணும்னு யோசிச்சாரே, அதுக்கும் சேர்த்துத்தான் மேதை. (கைதட்டல்)

இப்போ கொஞ்சம் வருத்தமான கதைக்கு வர்றேன். நடுவர் பொறுத்துக்கணும்.

1975, கோலாலம்பூர். உலகக் கோப்பை ஹாக்கி. பாகிஸ்தானை 2-க்கு 1 என்று ஜெயிச்சு இந்தியா உலக சாம்பியன். அடுத்த வருஷமே 1976, மான்ட்ரீல் ஒலிம்பிக். ஏழாவது இடம்! ஆஸ்திரேலியாவிடம் 6-க்கு 1 என்று தோல்வி. ஒரே வருஷத்திலே நம்ம வீரர்களின் மணிக்கட்டு மடங்கிப் போச்சா? கண் அவிஞ்சு போச்சா? இல்லையே! தரை மாறிப் போச்சு ஐயா. ஒலிம்பிக்கிலே முதல் தடவையாகச் செயற்கைப் புல்தரையிலே ஹாக்கி ஆடினாங்க. மண்ணிலும் புல்லிலும் பந்து கொஞ்சம் தடுக்கும், துள்ளும். அந்தத் துள்ளலைக் கட்டி ஆள்றதுதான் நம்ம வித்தை. மட்டையோடு பந்தை ஒட்டி வெச்சு, ஒருத்தனை ஏமாத்தி, இன்னொருத்தனை ஏமாத்தி, கோலம் போடுகிற மாதிரி இழைச்சு இழைச்சுக் கொண்டு போறது. செயற்கைத் தரையிலே பந்து கேரம் போர்டு காய் மாதிரி சறுக்கிக்கிட்டுப் போகும். அங்கே தேவை ஓட்டம், மூச்சு, நீளமான அடி. வெளிநாட்டுக்காரன் தரையைப் பார்த்து ஆட்டத்தை மாத்தினான். நாம ஆட்டத்தை மாத்தலை. ஆளை மாத்தினோம்! “இவனுக்குத் திறமை போதாது, அவனைப் போடு. அவனும் சரியில்லை, வேறொருத்தனைப் போடு.”

‘இடனறிதல்’ என்ற அதிகாரத்திலே வள்ளுவர் ஒரு முதலையைக் காட்டுவார். ஆழத் தண்ணியிலே அதை யாரும் அசைக்க முடியாது. கரைக்கு வந்துட்டா யார் வேணும்னாலும் ஜெயிச்சுடலாம். முதலைக்குப் பல் விழுந்துடலை, இடம் மாறிடுச்சு. எங்க பையன்களை, நாற்பது வருஷம், தண்ணியிலே பழக்கிக் கரையிலே சண்டைக்கு விட்டோம் ஐயா! (நீண்ட கைதட்டல்) நடுவிலே 1980 மாஸ்கோவிலே நம்ம தமிழ்நாட்டு பாஸ்கரன் தலைமையிலே ஸ்பெயினை 4-க்கு 3 என்று ஜெயிச்சுத் தங்கம் வாங்கினோம். பல நாடுகள் வராத ஒலிம்பிக் அது, இருந்தாலும் தங்கம் தங்கம்தான். அதுக்கப்புறம்? 2008-லே ஒலிம்பிக்குக்குத் தகுதியே பெறலை. 2012 லண்டனிலே பன்னிரண்டு அணிகளிலே பன்னிரண்டாவது.

தூத்துக்குடி மாவட்டத்திலே கோவில்பட்டி என்று ஓர் ஊர். தீப்பெட்டிக்குப் பேர் போனது, கடலை மிட்டாய்க்குப் பேர் போனது, ஹாக்கிக்கும் பேர் போனது. அந்த மாதிரி ஊர்களிலே மண் தரையிலே, வெயிலிலே, செருப்பில்லாமல் மட்டை பிடிச்ச எத்தனை பையன்களிடம், “உனக்குத் திறமை பத்தாது”ன்னு சொல்லி வீட்டுக்கு அனுப்பியிருப்போம்? அவனுக்குத் திறமை இருந்தது. திட்டம் எங்களுக்குத்தான் இல்லை. இதை நான் பட்டிமன்றத்துக்காகச் சொல்லலை.

கால்பந்துக்கு வர்றேன். 1953 நவம்பர் 25. லண்டன் வெம்பிளி மைதானம். இங்கிலாந்துக்கு எதிரே ஹங்கேரி. ஐரோப்பாக் கண்டத்திலேயிருந்து வந்த எந்த அணியும் அதுவரைக்கும் இங்கிலாந்தை அவங்க மண்ணிலே ஜெயிச்சதில்லை. அந்தக் காலத்திலே சட்டை நம்பரைப் பார்த்தே யார் எங்கே நிற்பான்னு சொல்லிடலாம். 9-ஆம் நம்பர் என்றால் எதிரி கோலுக்கு முன்னாலே நிற்கணும். அவனை எங்க 5-ஆம் நம்பர் பிடிச்சுக்குவான். சம்பந்தி மாதிரி, ஒருத்தரை விட்டு ஒருத்தர் நகரக் கூடாது! (சிரிப்பு) ஹங்கேரியின் 9-ஆம் நம்பர் ஹிதெக்குட்டி. அந்த ஆள் முன்னாலே வந்து நிக்கவே இல்லை. நடுவிலே பின்தங்கி நின்னார். இங்கிலாந்தின் ஜான்ஸ்டனுக்குக் குழப்பம். கூடப் போனா, பின்னாலே வாசல் திறந்து கிடக்கு. போகாம நின்னா, அந்த ஆள் சும்மா நின்னு பந்து கொடுக்கிறார். போவதா, நிற்பதா என்று முடிவு செய்யறதுக்குள்ளே 6-க்கு 3! ஹிதெக்குட்டி மட்டும் மூணு கோல். ஒருத்தர் பத்தடி பின்னாலே நின்னதுலே ஒரு சாம்ராஜ்யம் கவிழ்ந்தது. அன்றைக்குத் தோத்த இங்கிலாந்து அணியிலே ஆல்ஃப் ராம்ஸே என்று ஒரு தற்காப்பு ஆட்டக்காரர். பார்த்துப் படிச்சுக்கிட்டார். 1966-லே இங்கிலாந்து உலகக் கோப்பை ஜெயிச்சபோது பயிற்சியாளர் அவர்தான்.

2004-லே கிரீஸ் ஐரோப்பிய சாம்பியன் ஆச்சே, அந்த அணியிலே யாருக்காவது கட்-அவுட் வெச்சீங்களா? காலிறுதி 1-0, அரையிறுதி 1-0, இறுதி 1-0. கஞ்சன் வீட்டு விருந்து மாதிரி அளந்து போட்டாங்க. ஆனா கோப்பை அவங்க வீட்டிலே! (சிரிப்பு, கைதட்டல்)

இப்போ அந்தப் பையனுக்கு வர்றேன். 2022-லே அர்ஜென்டினாவின் முதல் ஆட்டம் சவூதி அரேபியாவோடு. மெஸ்ஸி ஆடினார், கோலும் அடிச்சார். 2-க்கு 1 என்று தோத்தாங்க. சவூதி தற்காப்பு வரிசை நாலு பேரும் கயிறு கட்டின மாதிரி முன்னேறி நின்னாங்க. அர்ஜென்டினா பத்துத் தடவை ஆஃப்சைடிலே மாட்டுச்சு. முதல் பாதியிலே மட்டும் மூணு கோல் செல்லாம போச்சு. அதே மெஸ்ஸிதான் ஒரு மாதத்திலே கோப்பையைத் தூக்கினார். நடுவிலே மெஸ்ஸி மாறலை. சுற்றி நின்னவங்க மாறினாங்க. என்சோ பெர்னாண்டஸ், அல்வாரெஸ் என்று இளவட்டங்களை ஸ்கலோனி உள்ளே கொண்டு வந்தார். இறுதி ஆட்டத்துக்கு டி மரியாவை யாரும் எதிர்பார்க்காதபடி இடது பக்கம் நிறுத்தினார். முதல் கோலுக்கான பெனால்டியை வாங்கித் தந்தவர் டி மரியா. இரண்டாவது கோலை அடிச்சவர் டி மரியா. பிரான்ஸ் பயிற்சியாளர், இடைவேளை வர்றதுக்குள்ளேயே ரெண்டு பேரை வெளியே எடுக்க வேண்டியதாப் போச்சு. 64-ஆவது நிமிஷம் டி மரியாவை ஸ்கலோனி வெளியே கூப்பிட்டார். அதுக்கப்புறம்தான் எம்பாப்பே 80-லே ஒண்ணு, 81-லே ஒண்ணு அடிச்சார். அது எங்க ஸ்கலோனி பண்ணின தப்புன்னு வெச்சுக்குங்க. வியூகத்தாலே ஜெயிக்கவும் செய்யலாம், வியூகத்தாலே கையிலே இருக்கிறதை விடவும் செய்யலாம். ரெண்டுமே எங்க கட்சிக்குத்தான் ஆதாரம்! (சிரிப்பு)

எதிரணித் தலைவர் பாரதத்துக்குப் போய் அபிமன்யுவைக் கூட்டிக்கொண்டு வந்தார். “தனி ஒருவனாகச் சக்கர வியூகத்தை உடைத்தானே, அதுவல்லவா வீரம்” என்றார். ஐயா, உங்க சாட்சி எங்க பக்கம் பேசறார்! உள்ளே போகத் தெரிந்த பிள்ளைக்கு வெளியே வரத் தெரியாதே. பின்னாலே வர்றோம்னு சொன்ன பெரியப்பா சித்தப்பாவையெல்லாம் ஜயத்ரதன் வாசலிலேயே மறிச்சுட்டானே. அவ்வளவு பெரிய வீரன் மாண்டது வியூகத்துக்குள்ளே. துவாரகையிலே கண்ணன் தூங்கி எழுந்து ரெண்டு பேருக்கும் முன்னாலே ரெண்டு பங்கு வெச்சார். ஒரு பக்கம் அவரோட சேனை முழுசும். இன்னொரு பக்கம் ஆயுதம் எடுக்காத அவர் ஒருத்தர். துரியோதனன் நல்ல ரசிகன், ஆளை எண்ணினான். (பலத்த சிரிப்பு) அர்ஜுனன் கோட்டுக்கு வெளியே நின்னு வழி சொல்ற ஒருத்தர் போதும்னான்.

ஒண்ணு ஒத்துக்கறேன். மனசாட்சின்னு ஒண்ணு இருக்கே. 2021 ஆகஸ்ட் 5, டோக்கியோ. ஜெர்மனியோடு வெண்கலத்துக்கு ஆட்டம். 5-க்கு 4 என்று நாம முன்னாலே. இன்னும் 6.8 வினாடிதான் இருக்கு. ஜெர்மனிக்குப் பெனால்டி கார்னர். பந்து வந்தது. ஸ்ரீஜேஷ் தடுத்தார். 41 வருஷத்துக்குப் பிறகு ஹாக்கியிலே ஒலிம்பிக் பதக்கம். அந்த 6.8 வினாடியிலே என் கட்சி கொஞ்சம் ஆட்டம் காணுது. (சிரிப்பு) ஆள் என்று ஒருத்தர் உண்டு, எனக்குத் தெரியும். அதே ஸ்ரீஜேஷ் 2024-லே ஓய்வு பெற்றதும், ஜூனியர் அணிக்குப் பயிற்சியாளராகக் கோட்டுக்கு வெளியே வந்து நின்னார். நம்ம சென்னையிலும் மதுரையிலும் 2025-லே நடந்த ஜூனியர் உலகக் கோப்பையிலே அந்தப் பையன்கள் வெண்கலம் வாங்கினாங்க. இப்போ அவர் எந்த அணி? உங்க அணியா, எங்க அணியா? (கைதட்டல்)

கடைசியாக ஒருத்தர் கதை. இதுக்குச் சிரிப்பு வராது.

1950 ஜூலை 16. ரியோ நகரத்திலே மரக்கானா மைதானம். ஏறக்குறைய 2 லட்சம் பேர். பிரேசிலும் உருகுவேயும் ஆடுது. பிரேசிலுக்கு ஆட்டம் சமமாக முடிஞ்சாலே போதும், உலகக் கோப்பை கையிலே. முந்தின ரெண்டு ஆட்டத்திலே ஸ்வீடனை 7-1, ஸ்பெயினை 6-1. அவ்வளவு பெரிய ஆட்கள். இடைவேளைக்குப் பிறகு பிரேசில் ஒரு கோலும் அடிச்சாச்சு. சமம் போதும் என்கிறபோது என்ன செய்யணும்? வீட்டைப் பூட்டிக்கிட்டு உட்காரணும். அவங்க மேலும் மேலும் அடிக்கப் போனாங்க. இடது பக்கம் காவல் தளர்ந்து கிடக்கு. அந்தப் பக்கமாகவே கிக்கியா என்கிற உருகுவே வீரர் ஓடி வந்து, பந்தை நடுவிலே கொடுத்தார். கோல். 1-க்கு 1. அப்போதாவது அந்தப் பக்கத்தை அடைச்சாங்களா? இல்லை. 79-ஆவது நிமிஷம், அதே ஆள், அதே வழி. கோல்கீப்பர் பார்போசா, போன தடவை மாதிரி நடுவிலே கொடுக்கப் போறார்னு ஓரடி நகர்ந்தார். கம்பத்துக்கும் அவருக்கும் நடுவிலே கிடைச்ச சந்திலே பந்து போயிடுச்சு. 2-க்கு 1.

பூட்டாதது ஊரே சேர்ந்து. பழி ஒருத்தர் தலையிலே. பார்போசா அந்தக் காலத்தின் சிறந்த கோல்கீப்பர்களிலே ஒருவர், கறுப்பு நிறத்தவர். வருஷக் கணக்காகச் சுமந்தார். ஒரு கடையிலே ஓர் அம்மா தன் மகனிடம், இந்தாடா, பிரேசிலையே அழ வெச்ச ஆள் இவர்தான் என்று கை நீட்டிக் காட்டினதாக அவரே சொல்லியிருக்கிறார். 1993-லே பிரேசில் அணி பயிற்சி எடுக்கிற இடத்துக்குப் பார்க்கப் போனவரை, ராசியில்லாதவர் என்று உள்ளே விடலை. பிரேசிலிலே குற்றத்துக்கு அதிகபட்ச தண்டனையே 30 வருஷம்தான், நான் 50 வருஷமாக அனுபவிக்கிறேன் என்றார். 2000-லே இறந்து போனார். (அமைதி)

எதிரணி நண்பர்களே, வெற்றி ஒரு ஆளாலே வந்தது என்று நீங்கள் மாலை போடும்போது நானும் கை தட்டிடுவேன். தோல்வி ஒரு ஆளாலே வந்தது என்று நாளைக்கு நீங்களே சொல்லணுமே, அங்கேதான் எனக்குப் பயம். அந்த இடது பக்கத்தை அடைக்கச் சொல்லாதவர் யார் என்று பிரேசிலிலே ஒருத்தராவது கேட்டிருந்தா, அந்த மனுஷன் தெருவிலே தலை நிமிர்ந்து நடந்திருப்பார் ஐயா.

இன்னும் ரெண்டு மூணு ஆட்டம் சொல்லலாம்னு குறிப்பெல்லாம் வெச்சிருந்தேன். நடுவர் கை மணிக்குப் போயிடுச்சு. பேசறவன் உணர்ச்சிவசப்பட்டு நிக்கிற நேரம் பார்த்து மணியை அடிக்கிறாரே, அதுவும் ஒரு வியூகம்தான்! (சிரிப்பு)

(நீண்ட கைதட்டல்)